மோசமான வழிக்கு ஒரு வேன்

எழுபதுகளின் நடுவில் நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு தகர டப்பா கம்பெனியில் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். பிஸ்கட் டப்பா, எண்ணெய் டப்பா, பெயின்ட் டப்பா என்று நாள் முழுக்கத் தகரம் அடிபடுகிற சத்தம். அந்தச் சத்தத்தில் ஒருவர் சொல்வது இன்னொருவர் காதில் விழாது. விழுந்தாலும் எங்கள் மேனேஜருக்குப் புரியாது. அவர் வடக்கே எங்கிருந்தோ வந்தவர். அவருக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்கு இந்தி தெரியாது. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது இங்கிலீஷ் ஒன்றுதான். அதுவும் எங்கள் பக்கத்தில் ரொம்பக் கொஞ்சம்.

மேனேஜர் நல்ல மனிதர். நேர விஷயத்தில் மட்டும் இரக்கமே கிடையாது. எட்டு மணிக்குச் சங்கு ஊதியதும் கேட்டை மூடிவிட வேண்டும். அதற்குப் பிறகு வருகிறவர்கள் அவர் அறை வாசலில் வரிசையாக நின்று காரணம் சொல்ல வேண்டும். மொழிபெயர்க்க டைம்கீப்பர் பக்கத்தில் நிற்பார். டைம்கீப்பருக்கு இங்கிலீஷில் தடுமாறாமல் வருவது இரண்டே வாக்கியம். ஊத்துக்கோட்டையிலிருந்து வருகிறவர், பஸ் டயர் பஞ்சரானது, கண்டக்டரும் டிரைவரும் சண்டை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டது, பிறகு ஜனங்கள் சமாதானம் பண்ணி வண்டியை எடுக்க வைத்தது எல்லாவற்றையும் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லி முடிப்பார். டைம்கீப்பர் பொறுமையாகக் கேட்டுவிட்டு மேனேஜர் பக்கம் திரும்பி, "ஃபேமிலி பிராப்ளம் சார்" என்பார். அடுத்து நிற்பவர் படகு, காற்று, துடுப்பு என்று ஏதாவது சொன்னால், "ஸ்டமக் பிராப்ளம் சார்."

இப்படியே பல மாதம் போனதில், இந்தப் பக்கத்து ஜனங்களுக்குக் குடும்பத்திலும் வயிற்றிலும் தவிர வேறெங்கும் தொல்லை இல்லை என்று மேனேஜர் முடிவு கட்டிவிட்டார். ஒரு டாக்டரை வரவழைத்து எல்லோருக்கும் பூச்சி மாத்திரை கொடுக்க வைத்தார். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை. கம்பெனி கொடுக்கிறது என்று எல்லோரும் விழுங்கினோம்.

குட்டு வெளிப்பட்டது பழவேற்காட்டுக்காரரால். அவர் ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்திலிருந்து வந்து பற்றவைப்புப் பிரிவில் வேலை செய்த இளைஞர். என் வயதுதான் இருக்கும். ஒரு நாள் இடுப்பு வரை சேறு அப்பி, மேனேஜர் அறையில் வந்து நின்றார். டைம்கீப்பர் வழக்கம்போல "ஸ்டமக் பிராப்ளம் சார்" என்றார். மேனேஜர் தரையில் உதிர்ந்து கிடந்த சேற்றைப் பார்த்தார். பிறகு டைம்கீப்பரைப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். இவர் விடியற்காலையில் குப்பத்திலிருந்து படகில் ஏரியைக் கடந்து பழவேற்காடு வருகிறார். அங்கிருந்து பஸ்ஸில் பொன்னேரி. பொன்னேரியிலிருந்து ரயில். இன்று படகு சேற்றில் தட்டிவிட்டதால் இறங்கித் தள்ளியிருக்கிறார்.

"தினமுமா?" என்று இங்கிலீஷில் கேட்டார் மேனேஜர். "தினமும்" என்றேன். அவர் ஒரு தாளை எடுத்துக்கொண்டார். அன்றைக்கே ஒவ்வொருவரும் எங்கிருந்து, எதில் வருகிறார்கள் என்று என்னிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டார். அடுத்த வாரம் எல்லோரையும் கூட்டிவைத்து அறிவித்தார். தலைமை ஆபீஸில் ஒரு பழைய வேன் சும்மா நிற்கிறது, அதை இங்கே தருகிறார்கள். ஒரு வேன்தான், ஒரு வழியில்தான் ஓடும். எந்த வழி மிக மோசமோ அந்த வழிக்கு வேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒருவர் வந்து சனிக்கிழமை தன் வழியைப் பற்றித் தானே சொல்ல வேண்டும். இங்கிலீஷில். நடுவில் யாரும் மொழிபெயர்க்கக் கூடாது. இதைச் சொல்லும்போது டைம்கீப்பரை ஒரு பார்வை பார்த்தார்.

மூன்று பக்கத்துக்கு மூன்று பேர் கிளம்பினார்கள். ஊத்துக்கோட்டைப் பக்கத்துக்கு பிரஸ் மிஷின் ஓட்டுகிற ஒரு பெரியவர். அவர் எல்லோரையும் "நைனா" என்று கூப்பிடுவார், அதனால் எல்லோரும் அவரை நைனா என்றே கூப்பிட்டோம். ஆரம்பாக்கத்துக்கு பேக்கிங் பிரிவில் இருந்த ஒரு அக்கா. அவர் குரல் மிஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும். மூன்றாவது, பழவேற்காட்டுக்காரர்.

என் வழியும் லேசுப்பட்டதல்ல. நான் கடம்பத்தூரிலிருந்து வந்துகொண்டிருந்தேன். வரைபடத்தில் பார்த்தால் கடம்பத்தூரும் கும்மிடிப்பூண்டியும் ஒரே மாவட்டத்தில் சாதுவாக இருக்கும். ரயிலில் போனால் மெட்ராஸ் வாசல் வரை போய், பேசின் பிரிட்ஜில் இறங்கி, வடக்கே போகிற பாசஞ்சருக்குக் காத்திருந்து ஏற வேண்டும். ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து வருவது நான் ஒருத்திதான். ஒருத்திக்கு யார் வேன் விடுவார்கள்? போட்டியில் இல்லாத ஆள், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷில் நல்ல மார்க் வாங்கிய ஆள் என்று மூவரும் சேர்ந்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள். சாப்பாட்டு வேளையில் தகர குடோனுக்குப் பின்னால் வகுப்பு ஆரம்பமாயிற்று.

ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டுச் சொல்ல இங்கிலீஷில் மூன்று படி உண்டு என்று தொடங்கினேன். பிக், பிக்கர், பிக்கஸ்ட். ஸ்லோ, ஸ்லோயர், ஸ்லோயஸ்ட். லேட், லேட்டர், லேட்டஸ்ட். மூவரும் நன்றாகத்தான் சொன்னார்கள். அதற்குப் பிறகு முக்கியமான சொல்லுக்கு வந்தேன். "பேட், வொர்ஸ், வொர்ஸ்ட்."

நைனா சோற்றை வாயில் வைக்காமல் நிறுத்தினார். "இன்னாம்மா இது? பேட்டுன்னா பேட்டர், பேட்டஸ்ட்டுனு தானே போவணும்?"

"இது மட்டும் மாறும் நைனா. குட், பெட்டர், பெஸ்ட் மாதிரி."

"ஒழுங்கா போய்க்கினு இருந்துச்சு. நல்லதுக்கும் கெட்டதுக்கும் மட்டும் தனி ரூலா?" என்றார் அக்கா. "சரி வுடு, வெள்ளைக்காரன் வெச்சிட்டுப் போய்ட்டான், நாம இன்னா பண்றது."

அக்காவுக்கு ஞாபகசக்தி அபாரம். அதனால் அவருக்கு மட்டும் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததுபோல ஒரே விஷயத்தை மூன்று விதமாகச் சொல்லக் கற்றுக்கொடுத்தேன். மை டிரெயின் இஸ் தி வொர்ஸ்ட் டிரெயின். மை டிரெயின் இஸ் வொர்ஸ் தேன் எனி அதர் டிரெயின். நோ அதர் டிரெயின் இஸ் ஆஸ் பேட் ஆஸ் மை டிரெயின். அக்கா இதை மூடி அடுக்கிக்கொண்டே மனப்பாடம் செய்தார். இரண்டு நாளில் பேக்கிங் பிரிவுப் பெண்கள் எல்லோருக்கும் அது மனப்பாடமாகிவிட்டது. டிரெயினில் வராதவர்கள்கூடச் சொன்னார்கள்.

பழவேற்காட்டுக்காரரிடம்தான் தொல்லை. "மை போட் இஸ் தி வொர்ஸ்ட்" என்று சொல்லச் சொன்னால் வாயே திறக்க மாட்டார்.

"ஏன், கஷ்டமா இருக்கா?"

"வார்த்தை கஷ்டமில்லம்மா. அது எங்கப்பா ஆசையா வாங்கின படகு. அத மோசம்னு நாலு பேருக்கு முன்னால சொல்லிட்டு, நாளைக்கு அதுலயே எப்பிடி ஏறி உக்கார்றது?"

"படகைச் சொல்ல வேணாம். பிரயாணத்தைச் சொல்லுங்க. மை ஜர்னின்னு சொல்லுங்க."

"ஜர்னி படகு மேலதானேம்மா போவுது" என்றார் அவர்.

சனிக்கிழமை வேலை முடிந்ததும் மேனேஜர் அறையில் கூடினோம். அவர் வெள்ளைத்தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னையும் ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, வாயைத் திறக்கக் கூடாது என்று சைகை காட்டினார்.

முதலில் நைனா. முகம் வழித்து, எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு வந்திருந்தார். "குட் ஈவ்னிங் சார். சத்தியவேடு பஸ் லேட் சார். பொன்னேரி பஸ் லேட்டர் சார். பட், ஊத்துக்கோட்டை பஸ் இஸ் தி லேட்டஸ்ட் பஸ்!"

மேனேஜரின் முகம் மலர்ந்தது. "லேட்டஸ்ட்? நியூ மாடல்?"

தான் சொன்னது சாருக்குப் பிடித்துவிட்டது என்பது மட்டும் நைனாவுக்குப் புரிந்தது. "எஸ் சார்! லேட்டஸ்ட்!"

"ஃபாஸ்ட்?"

"எஸ் சார்!"

மேனேஜர் தாளில் ஏதோ எழுதி அதன் கீழே கோடு போட்டார். எனக்கு நாக்கு துடித்தது. அந்த லேட், லேட்டர், லேட்டஸ்ட்டைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அதற்கு இப்படியும் ஒரு அர்த்தம் இருப்பது அந்த நிமிஷம் வரை எனக்கு உறைக்கவில்லை.

அடுத்து அக்கா. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரே மூச்சில் மூன்று வாக்கியத்தையும் சொல்லி முடித்தார். ஒரு எழுத்து பிசகவில்லை. மேனேஜர் பென்சிலோடு திணறினார். "ஒன் மினிட். ஹவ் மெனி டிரெயின்ஸ்?"

அக்கா இன்னொரு தடவை சொல்லச் சொல்கிறார் என்று நினைத்து முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை மேனேஜர் விரலை மடக்கி எண்ணிக்கொண்டே கேட்டார். "த்ரீ டிரெயின்ஸ் ஃப்ரம் ஆரம்பாக்கம்! வெரி குட்."

"தேங்க்யூ சார்" என்று அக்கா பெருமையோடு உட்கார்ந்தார்.

பழவேற்காட்டுக்காரர் எழுந்து நின்று சுவரைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். "மை போட் இஸ் பெட்டர் தேன் பஸ்" என்றார். "பெட்டர் தேன் டிரெயின். மை போட் இஸ் தி பெஸ்ட்."

"நோ பிராப்ளம்?"

"சம்டைம்ஸ் நோ காத்து சார்." கையை விசிறிக் காட்டினார். "ஸ்டில் பெஸ்ட்."

மேனேஜர் பென்சிலைக் கீழே வைத்தார். புது பஸ், மூன்று ரயில், சிறந்த படகு. அப்படியானால் ஏன் எல்லோரும் தினமும் பிந்தி வருகிறார்கள் என்று என்னைப் பார்த்துக் கேட்டார். வாயைத் திறக்க அனுமதி கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு நடந்ததை விளக்கினேன். அவர் சிரித்த சிரிப்பில் வாட்ச்மேன் கேட்டிலிருந்து ஓடி வந்து எட்டிப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மேனேஜர் சொன்னார், இனி யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம், மூன்று வழியிலும் நானே வந்து பார்த்துவிடுகிறேன்.

வெளியே வந்ததும் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "நான்தான் மூணு தபா சொன்னேனே. ஒரு தபாகூடவா அந்த ஆளுக்குப் புரியல?"

மேனேஜர் முதலில் போனது ஊத்துக்கோட்டைக்கு. முந்தின நாளே போய்த் தங்கி, காலையில் பேன்ட், சட்டை, டை சகிதம் பஸ்ஸில் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டர் அவரைப் பார்த்ததும் மேலிடத்திலிருந்து செக்கிங்குக்கு வந்த ஆள் என்று நினைத்து டிரைவர் காதில் ஓதியிருக்கிறார். அவ்வளவுதான். அன்று பஸ் பறந்தது. ஆட்டுக்கு நிற்கவில்லை, மூட்டைக்கு நிற்கவில்லை, டீக்கு நிற்கவில்லை. நைனாவின் வீடு ஊரை விட்டுத் தள்ளி, ரோட்டு ஓரம். அங்கே அவர் தினமும் கை காட்டி ஏறுவது வழக்கம். அன்று அவருக்காகவும் நிற்கவில்லை. கை காட்டிக்கொண்டு ஓடிவந்த நைனாவைப் பார்த்து மேனேஜர் ஜன்னல் வழியாகச் சிரித்துக் கையசைத்துவிட்டுப் போனாராம்.

சங்கு ஊதுவதற்கு முன்பே மேனேஜர் வந்துவிட்டார். நைனா பத்து மணிக்கு ஒரு மணல் லாரியில் தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். "நாப்பது வயசுலருந்து அந்த பஸ்ஸுல வர்றேன், நைனா. ஒரு நாளு, ஒரே நாளு டைமுக்குப் போச்சு. அன்னிக்கு என்ன வுட்டுட்டுப் போச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அடுத்தது ஆரம்பாக்கம். அந்த ரயிலில் பால் கேன், காய்கறிக் கூடை, மீன் கூடை எல்லாம் ஏறிய பிறகு மீதி இருக்கிற இடத்தில்தான் மனிதர்கள். அன்று மேனேஜர் ரயிலை விட்டு இறங்கிக் கம்பெனிக்கு வந்தபோது சங்கு ஊதிக்கொண்டிருந்தது. ஆனால் முகத்தில் திருப்தி. டையில் சாம்பார். ரயிலில் ஜன்னல் ஓரம் சீட்டு கிடைத்ததாம், வழியில் எக்ஸ்பிரஸுக்காக நிறுத்திப் போட்டபோது கூட்டத்துக்குள் கைமாறிக் கைமாறி இட்லி வந்ததாம், இவ்வளவு அன்பான ரயிலைப் பார்த்ததே இல்லையாம். அக்கா பின்னால் கசங்கிய புடவையும் கலைந்த தலையுமாக வந்தார்.

"எங்க கஷ்டத்தப் பாக்க வந்த ஆளுக்கு சீட்டு புடிச்சிக் குடுத்துட்டு, நான் வாசப்படியில தொங்கிக்கினு வந்தேன்" என்றார்.

"ஏங்க்கா குடுத்தீங்க? நின்னு பார்த்தாத்தானே அவருக்குத் தெரியும்?"

அக்கா என்னை விசித்திரமாகப் பார்த்தார். "ஊருக்கு வந்த மனுசன நிக்க வெக்கச் சொல்றியா? நாஷ்டாகூட துன்னாம வந்துச்சு அது."

இட்லி அனுப்பியது யார் என்று நான் கேட்கவில்லை. அக்கா அன்று மதியம் பக்கத்தில் இருந்தவரின் சாப்பாட்டில் பாதியைத்தான் சாப்பிட்டார்.

கடைசியாகப் படகு. அன்றைக்கு மேனேஜர் எட்டுக்கு வரவில்லை, பத்துக்கும் வரவில்லை. டைம்கீப்பர் நிமிஷத்துக்கு ஒரு தடவை வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். உச்சி வெயிலில், நான் டைப் அடித்துக்கொண்டிருந்த ஜன்னல் வழியாக, கேட்டுக்கு வெளியே இரண்டு பேர் நிற்பது தெரிந்தது. ஒருவர் பழவேற்காட்டுக்காரர். இன்னொருவர் முழங்கால் வரை பேன்ட்டைச் சுருட்டி, ஷூவைக் கையில் பிடித்து, காலில் காய்ந்த சேறும் தலையில் யாருடையதோ துண்டுமாக நின்றார். முகம் செங்கல் நிறம்.

வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. ஆள் தெரியாமல் இல்லை. சட்டம்தான் குழப்பியது. எட்டுக்கு மேல் மேனேஜர் அனுமதி இல்லாமல் யாருக்கும் திறக்கக் கூடாது என்பது உத்தரவு. "சார் உள்ள இல்லியேம்மா, யாரக் கேட்டுத் தொறக்கறது?" என்று ஓடிப்போன என்னிடம் கேட்டார். மேனேஜர் வெளியே நின்றபடியே "பர்மிஷன், பர்மிஷன்" என்று கத்திய பிறகுதான் திறந்தார். ஓடிவந்த டைம்கீப்பர் பதற்றத்தில் பழக்கதோஷமாக, "ஸ்டமக் பிராப்ளம் சார்?" என்று கேட்டுவிட்டார். மேனேஜர் அவரைத் தாண்டி நேராகத் தண்ணீர்ப் பானைக்குப் போனார்.

நடந்தது இதுதான். ஏரியின் நடுவில் காற்று நின்றுவிட்டது. துடுப்புப் போட்டுக் கொஞ்சம் நகர்ந்ததும் படகு சேற்றில் தட்டியது. இறங்கித் தள்ளியிருக்கிறார்கள், மேனேஜரும் சேர்ந்து. பழவேற்காட்டுக்காரர் என் மேஜை அருகே தலையைக் குனிந்துகொண்டு நின்றார். வேன் அவருக்கே கிடைக்கும் என்று நான் மெதுவாகச் சொன்னேன். அவருக்கு அதில் சந்தோஷமே இல்லை. "இன்னிக்குப் போயி இப்பிடி மானத்த வாங்கிடுச்சே. தினம் நல்லாத்தாம்மா வரும்" என்றார்.

மேனேஜர் அவரை உள்ளே கூப்பிட்டுத் தோளில் தட்டினார். படகைப் பற்றி ஒரு குறையும் இல்லை என்றார். தண்ணீரில் பூ விரித்ததுபோல நாரைக் கூட்டம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாராம். வெயிலும் சேறும் பரவாயில்லையாம். ஆனால் அதற்குப் பிறகு ஒரு தொல்லை இருந்ததே, அதைப் பற்றி ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று என்னிடம் கேட்டார்.

"எது சார்?"

"ஸ்டேஷனிலிருந்து இங்கே வருகிற ரோடு."

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனிலிருந்தும் பஸ் நிற்கிற இடத்திலிருந்தும் தொழிற்பேட்டைக்கு வருகிற ரோடு அது. பெரிய ரோட்டைத் தாண்டி, மரமே இல்லாத பொட்டலில், லாரி போகிற புழுதியில் நடந்து வர வேண்டும். பஸ்ஸில் வந்த நாளும், ரயிலில் வந்த நாளும், படகில் வந்த நாளும் அவர் கடைசியில் அதே ரோட்டில்தான் நடந்திருக்கிறார். மூன்று நாளும் அதுதான் தனக்குக் கஷ்டமாக இருந்தது என்றார். நீயும் அதில்தான் நடந்து வருகிறாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். எல்லோருமா? எல்லோரும்தான்.

நான் போய் அக்காவைக் கேட்டேன், அந்த நடையை ஏன் சனிக்கிழமை சொல்லவில்லை என்று. அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "நடக்கறத யாராவது பிரயாணம்னு சொல்லுவாங்களா? காலு கீது, நடக்கறோம்." நைனாவும் அதையே சொன்னார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அது தோன்றவில்லை. பேசின் பிரிட்ஜ் வரை எல்லாக் கஷ்டத்தையும் எண்ணி வைத்திருந்த நான், அந்த ரோட்டை எண்ணவே இல்லை.

மறுநாள் மேனேஜர் எல்லோரையும் கூட்டினார். மூன்று பிரயாணத்தில் கொஞ்சம் தமிழ் கற்றுக்கொண்டிருந்தார். அதில் அவருக்குப் பிடித்த சொல் "பேஜாரு". ஊத்துக்கோட்டைக்காரர்களைக் காட்டி, "பேஜாரு." ஆரம்பாக்கத்துக்காரர்களைக் காட்டி, "பேஜாரு." பழவேற்காட்டுக்காரரைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கி, "காத்து பேஜாரு" என்றார். பிறகு வாசல் பக்கம் ரோட்டைக் காட்டிச் சொல்ல வாயெடுத்தவர் நிறுத்தி, பேஜாருக்கு அடுத்த படி என்ன, அதற்கும் அடுத்தது என்ன என்று என்னைக் கேட்டார். நான் யோசித்தேன். தமிழில் சொல்லை மாற்றுகிற வழக்கம் இல்லையே என்று இழுத்தேன்.

அக்கா முன்னால் வந்தார். "இதுக்கு எதுக்கு யோசிக்கறே? பேஜாரு. அடப் பேஜாரு. பேஜாரோ பேஜாரு!"

மேனேஜர் அதை மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு ரோட்டைக் காட்டி, தொண்டை கிழிய, "பேஜாரோ பேஜாரு!" என்றார். பேக்கிங் பிரிவே கை தட்டியது.

வேன் எந்த ஊருக்கும் போகவில்லை. ஸ்டேஷனுக்கும் பஸ் நிற்கிற இடத்துக்கும் கம்பெனிக்கும் இடையில் ஓடியது. சங்கும் எட்டரைக்கு ஊதத் தொடங்கியது. முதல் இரண்டு நாள் எல்லோருக்கும் கோபம். இவ்வளவு பாடம் படித்து இந்தக் குட்டித் தூரத்துக்கா வேன் என்று நைனா முணுமுணுத்தார். பழவேற்காட்டுக்காரர் வேனில் ஏறவே இல்லை. அதன் கூரை தாழ்வாக இருந்ததாம், உள்ளே காற்றே இல்லையாம். அவர் நடந்தே வந்தார், சில நாள் எங்களுக்கு முன்னால் வந்து கேட்டில் நின்று எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. பெரிய ரோட்டுக்கு இந்தப் பக்கம் முழுவதும் முழங்கால் தண்ணீர். ஒரு காலையில் பாசஞ்சர் வந்து நின்றதும் நாங்கள் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு ஓடினோம். வேன், கதவைக் கயிற்றால் கட்டி, ஸ்டேஷன் வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. உள்ளே ஏற்கெனவே நைனாவும் ஆரம்பாக்கம் ரயிலில் வந்த அக்காவும் இருந்தார்கள். பழவேற்காட்டுக்காரரும் இருந்தார், குனிந்து, கூரையில் தலை இடிக்காமல், யாரையும் பார்க்காமல். டிரைவர் இரண்டு தடவை எண்ணிப் பார்த்து, எண்ணிக்கையை விட்டுவிட்டு வண்டியை எடுத்தார். ஈரப் புடவையும் டீசலும் யாரோ கொண்டுவந்த மசால் வடையும் சேர்ந்து மணத்தது. கண்ணாடி முழுக்க ஆவி படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. விடியுமுன் எழுந்து வந்த களைப்பில் நான் அக்காவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டேன். கம்பெனி வந்ததும் அவர் எழுப்பவில்லை. எல்லோரும் இறங்கிப் போகும் வரை உட்கார்ந்திருந்து, பிறகு கன்னத்தில் தட்டி, "ஏந்திரிம்மா, சங்கு ஊதப் போறான்" என்றார்.